பன்னிரண்டு அடியில் கிடந்த தூண்

ஹாமில்டன், ஒஹையோ
2019 மார்ச் 4

ரோவீனா அம்மாவுக்கு,

நீ கேட்கிற வருஷத்தை எண்ணாகச் சொன்னால் எனக்குப் பிடிபடாது. அது ஜனவரியில் வெள்ளம் வந்து ஓடைப் பாலத்தையும் மெதடிஸ்ட் கோயில் மணியையும் கொண்டுபோன வருஷம். இலையுதிர் காலத்தில் பாதி ஊர் காய்ச்சலில் படுத்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். நவம்பரில் ரஷ்யாக்காரன் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பினான். அந்த வாரமே தேர்தல். எமெட் கார்னெட் பதினொரு ஓட்டு கூடுதலாக வாங்கி மறுபடி சாவு விசாரிக்கிற கொரோனர் ஆனார். அந்த வெள்ளிக்கிழமைதான் டென்சில் ராட்லிஃப் சுரங்கத்துக்குள் செத்துப்போனான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உன் கடிதத்தை என் மகள் வெர்னா இரண்டு தரம் படித்துக் காட்டினாள். இதையும் அவள்தான் எழுதுகிறாள். திருத்தாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைச் சுளிக்கிறாள், ஆனால் எழுதுகிறாள்.

இப்போது ஆஷ்ஃபோர்க் கவுண்டிக்கு நீதான் கொரோனர் என்கிறாய். சரி. யார் வீட்டுப் பெண் என்று சொல்லவில்லையே. மேல் ஓடை ஸ்டேசி வீடா, பாலத்தடி ஸ்டேசி வீடா? மேல் ஓடை என்றால் உன் தாத்தாவின் கோவேறு கழுதை என் அப்பாவைக் கடித்திருக்கிறது. பரவாயில்லை, மன்னித்துவிட்டோம்.

எமெட்டுக்கு மேசை நாற்காலிக் கடை. முன்பக்கம் கட்டில், பின்பக்கம் சவப்பெட்டி. ஊரில் யார் எப்படிச் செத்தாலும் அவர்தான் வந்து பார்த்து, ஆறு பேரைக் கூட்டி, விசாரித்து, எழுத வேண்டும். டென்சிலைக் கடையின் பின்பக்கம் ஒரு கதவுப் பலகை மேல் கிடத்தியிருந்தார். முகம் பார்க்கிற மாதிரி இல்லை. "ஒங்கள்ல இவனோட வேலை பார்த்தவன் யாருப்பா?" என்று கேட்டார். நான் போய்ச் சட்டைக் கையைப் பார்த்தேன். முழங்கையில் மாவுப்பைத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது, நீலப் பூ. அவன் பெண்டாட்டி ஐடெல்லா தைத்தது. டென்சில்தான் என்றேன். அப்படித்தான் ஆறில் ஒருவன் ஆனேன்.

பிறகு ஆறு பேரும் வரிசையாகப் பிணத்தின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தோம். குற்றவாளி கை பட்டால் பிணம் ரத்தம் கக்கும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. எமெட்டுக்கு அதில் நம்பிக்கை இல்லை. தடுக்கவும் இல்லை. யார் கைக்கும் ரத்தம் வரவில்லை.

அப்புறம் தாளைப் படித்தார். கூரைப் பாறை விழுந்து செத்தான் என்று படித்ததாகத்தான் ஞாபகம். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் குறுக்கே இரண்டு கோடு போட்டேன். "தன் சொந்தக் கவனக்குறைவால்" என்று அதில் இருந்தது உன் கடிதம் வந்துதான் எனக்குத் தெரியும். படிக்காதவன் காதில் ஒன்றைப் போட்டுத் தாளில் ஒன்றை எழுதினால் அவன் என்ன செய்வான்? இவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

ஆர்வில் நேப்பியர்


ஆஷ்ஃபோர்க் கவுண்டி, கென்டக்கி
2019 மார்ச் 15

மரியாதைக்குரிய ஆர்வில் ஐயா அவர்களுக்கு,

நான் பாலத்தடி ஸ்டேசி. கழுதைக்கு நான் பொறுப்பில்லை.

இந்த விவகாரம் என் மேசைக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐடெல்லாவுக்கு எண்பத்து மூன்று வயது. நுரையீரல் போய்விட்டது, மூக்கில் குழாயோடு வீட்டில் படுத்திருக்கிறார். கோடையைத் தாண்டமாட்டார் என்று மருத்துவர் சொல்கிறார். டென்சில் இறந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்த மகள் ஓப்பல்தான் பார்த்துக்கொள்கிறாள். "தன் சொந்தக் கவனக்குறைவால்" என்ற அந்த ஒரு வரியைக் காட்டித்தான் சுரங்கக் கம்பெனி அன்று கர்ப்பிணியாக இருந்த ஐடெல்லாவைக் கம்பெனி வீட்டைவிட்டுப் போகச் சொன்னதாம். ஓப்பல் பள்ளியில் "சோம்பேறியின் மகள்" என்றே பெயர் வாங்கியிருக்கிறாள். அம்மா கண்ணை மூடுவதற்குள் அந்த வரியை எடுக்க முடியுமா என்று கேட்டு வந்தாள்.

என் வேலைக்கு ஐந்து கேள்விதான். இறந்தது யார், எப்போது, எங்கே, எதனால், எந்த வகையில். யார் குற்றம் என்பது ஆறாவது கேள்வி, அது நீதிபதியுடையது. எமெட் அதையும் சேர்த்து எழுதிவிட்டார். ஆனால் பாவம் பார்த்து ஒரு வரியை அடிக்க எனக்கு அதிகாரமில்லை. ஆதாரம் வேண்டும்.

அதனால் நீதிமன்றத்தின் கீழறையில் எமெட்டின் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பின்னால் வந்த ஒரு வெள்ளத்தில் நனைந்த ஓரம் தவிர எழுத்து தெளிவாகவே இருக்கிறது. அவர் கைப்பட எழுதியதை அப்படியே தருகிறேன்: "நேப்பியருக்கு வாசிக்கத் தெரியாததால் தீர்ப்பை வரிவரியாக இரண்டு தரம் படித்தேன். புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்றார்."

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. எமெட் அன்று சுரங்கத்துக்குள் தவழ்ந்து போய் இடத்தை அளந்திருக்கிறார். அவர் குறித்ததில் ஒரு வரி: "புதிதாக வெட்டிய தூண் மரம் ஒன்று, விழுந்த பாறைக்குப் பன்னிரண்டு அடி தள்ளிக் கிடக்கிறது." டென்சில் கூரையைத் தாங்கத் தூண் நிறுத்தாமல் வேலை செய்தான், அது அவன் தப்பு என்பது மேஸ்திரியின் சாட்சியம். அப்படியென்றால் அந்தத் தூண் தானாக நடந்து வந்ததா? அதைச் சுமந்து வந்தது யார் என்று எமெட் எழுதவில்லை. கேட்டாரா என்றும் தெரியவில்லை.

உங்களைக் கேட்கிறேன்.

ரோவீனா ஸ்டேசி


ஹாமில்டன்
2019 மார்ச் 23

ஸ்டேசி அம்மாவுக்கு,

இதை எழுதுவது முடிவெட்டும் கடை க்ளோவிஸ். வெர்னாவுக்கு வேலை இருக்கிறது.

செத்தவனை எழுப்புகிற வேலைக்கா உனக்கு ஓட்டுப் போட்டார்கள்? எமெட் நல்லவர், அவர் எழுதினால் எழுதினதுதான். தூணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எண்பத்தாறு வயதுக் கிழவனைத் தோண்டாதே. இனிமேல் கடிதம் போட்டால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

ஆர்வில்


ஆஷ்ஃபோர்க் கவுண்டி
2019 ஏப்ரல் 26

ஆர்வில் ஐயா அவர்களுக்கு,

அடுப்பில் போடுமுன் யாராவது படித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன வாரம் ஆற்றில் ஒருவர் கிடைத்தார். அடையாளம் கண்டு, நேரம் குறித்து, பையில் இருந்ததை எண்ணி உறைபோட்டு, பிறகு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்த வேலையில் அதைத் தொலைபேசியில் செய்யக் கூடாது என்பது என் கொள்கை. இத்தனை கதவு தட்டியதில் ஒன்று கவனித்திருக்கிறேன். திறப்பவர்கள் யார் குற்றம் என்று முதலில் கேட்பதே இல்லை. "கூட யாராவது இருந்தாங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

ஐடெல்லாவும் அதைத்தான் கேட்டார். தாளைப் பற்றி ஓப்பல்தான் பேசினாள். கிழவி கையை ஆட்டி அவளை நிறுத்திவிட்டு என்னிடம், "அந்தத் தாள்ல என்ன எழவு வேணா எழுதிக்கோ கண்ணு. அவன் தனியாவா செத்தான்? அதை மட்டும் சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை அம்மா என்றேன். "கொரோனர்னு பேரு, ஒண்ணும் தெரியல" என்று சிரித்தார். சிரித்ததற்கே பத்து நிமிஷம் இருமினார்.

மே மாதக் கடைசியில் இந்தக் கோப்பை மூடியாக வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் அந்த வரி அப்படியே நிற்கும். மிரட்டலாக எழுதவில்லை. சட்டம் கொடுக்கிற நாள் அவ்வளவுதான்.

தீர்ப்புத் தாளின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கடைசியில் இருக்கிற பெருக்கல் குறி உங்களுடையது. பேனாவை மிகவும் அழுத்திப் போட்டிருக்கிறீர்கள். மூலத் தாள் அங்கே கிழிந்திருக்கிறது.

ரோவீனா


ஹாமில்டன்
2019 மே 9

ரோவீனா,

மறுபடி வெர்னாதான் எழுதுகிறாள். இதை க்ளோவிஸ் கடைக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் கோட்டை மாட்டினேன். தெருமுனை வரை போனேன். முடிவெட்டுகிறவனிடம் சொல்லிவிட்டு மகளிடம் மறைத்தால் அதுவும் எமெட் கடையில் போட்ட கோடு மாதிரிதான் என்று பட்டது. திரும்பி வந்துவிட்டேன். "உட்காரும்மா. நடுவுல நிறுத்தச் சொல்லாத" என்றேன். உட்கார்ந்திருக்கிறாள்.

எமெட் இரண்டு தரம் படித்தார். இரண்டு தரமும் கேட்டது. அவர் எழுதியது சரி, நான் உனக்கு எழுதச் சொன்னதுதான் பொய்.

டென்சிலும் நானும் ஒரே இடத்தில் ஜோடியாகக் கரி வெட்டினோம். காலையில் அவன் தடியால் கூரையைத் தட்டினான். நல்ல கூரை மணி மாதிரி கணீரென்று சொல்லும். பாறை பிரிந்து நின்றால் பறை மாதிரி அதிரும், அன்றைக்கு அது அப்படித்தான் சொன்னது.

"மேல பொள்ளலா இருக்குடா ஆர்வில். ஒரு தூண் கொண்டா. அதுக்குள்ள நான் இந்த வண்டிய ரொப்பிடறேன்" என்றான். நான் நகர்ந்த பிறகு கூப்பிட்டான். "டேய், வெடிமருந்துக் கொட்டகைல ரேடியோ பாடும். அந்த நாய் என்னாச்சுன்னு கேட்டுட்டு வா."

தூண் எடுக்க வெளியே போய்வரக் கால் மணி ஆகும். நான் ஒரு மணி நேரம் நின்றேன். கொட்டகையில் ஏழெட்டுப் பேர் நாயைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். "சோறு யாருடா போடுவான் அதுக்கு?" என்றான் ஒருவன். "சோறு கெடக்கட்டும், மேலேர்ந்து காலத் தூக்குச்சுன்னா கவர்னர் தொப்பில வுழும்" என்றான் இன்னொருவன். விழுந்து விழுந்து சிரித்தேன். ரேடியோக்காரன் நாய் திரும்பாது, இறக்க வழி இல்லை என்றான். அதற்கும் ஒரு வாதம். அதற்கும் நின்றேன். இதுதான் விஷயம். குடிக்கவில்லை, தூங்கவில்லை. ஒரு நாய்க் கதை கேட்டுக்கொண்டு நின்றேன்.

தூணைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். பன்னிரண்டு அடி இருக்கும்போது விளக்கு வெளிச்சத்தில் தூசி தெரிந்தது. தூணை அங்கேயே போட்டேன். அவன் மேல் பாறை கிடந்தது. ஒரு கை மட்டும் வெளியே. அந்தக் கையைப் பிடித்தேன்.

"யாரு?"

"நான்தான்டா."

"நாய் என்னாச்சு?"

"நல்லாருக்கு. ஞாயித்துக்கெழம எறக்கிடுவாங்களாம்" என்றேன்.

"அப்ப ஐடெல்லாதான் தண்ணி சொமக்கணும். போய்ச் சொல்லிடு" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது. கொஞ்ச நேரம் விரல் என் கையை இறுக்கியது. பிறகு இறுக்கவில்லை. என்ன தண்ணி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் ஓடிப் போய் ஆளைக் கூட்டினேன். அப்போதுதான் உள்ளே நுழைந்த மாதிரிக் கூட்டினேன். மேஸ்திரி தூண் நிறுத்தாதது டென்சில் தப்பு என்றபோது வாயைத் திறக்கவில்லை. கடையில் என் முறை வந்தது. நெஞ்சில் கையை வைத்தேன். ரத்தம் வரும் என்று நிச்சயமாக நினைத்தேன். வந்திருந்தால் அங்கேயே எல்லாம் சொல்லியிருப்பேன். வரவில்லை. அப்படியென்றால் என்மேல் குற்றமில்லை என்று பிணமே சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். என் அம்மா, என் பாட்டன் எல்லாரும் சொன்னது பொய்யாகுமா? அந்த ஒரு பிடியில்தான் ஒஹையோ வந்தேன், கல்யாணம் பண்ணினேன், இருபத்தெட்டு வருஷம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். செத்து ஒரு ராத்திரி ஆன உடம்பில் ரத்தம் உறைந்துவிடும் என்று நீ நினைப்பாய். எனக்கும் கொஞ்ச நாளில் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் விடவில்லை.

ஐடெல்லாவிடம் அந்தச் சேதியைச் சொல்லவில்லை. சொன்னால் நான் அங்கே இருந்தது தெரிந்துவிடும்.

அவன் தனியாகச் சாகவில்லை. இதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே வந்து சொல்கிறேன்.

வெர்னா அழுகிறாள். எழுத்து நனைந்திருந்தால் அதுதான் காரணம்.

ஆர்வில் நேப்பியர்


ஆஷ்ஃபோர்க் கவுண்டி
2019 ஜூன் 12

ஆர்வில் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் நேரில் வரத் தேவைப்படவில்லை. வக்கீல் முன்னால் குறி போட்டு அனுப்பிய வாக்குமூலம் வந்து சேர்ந்தது. ஆனாலும் அதை மட்டும் வைத்து நான் வரியை அடித்திருக்க முடியாது. அறுபத்திரண்டு வருஷம் கழித்து ஒருவர் குற்ற உணர்ச்சியில் எதையும் சொல்லலாம் என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்னிடம் பதில் வேண்டும். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு வேறொரு சாட்சி வேண்டும். டென்சில் கடைசியாகச் சொன்ன அந்தத் தண்ணீர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஐடெல்லாவிடம் போய் எதுவும் படித்துக் காட்டாமல் முதலில் கேட்டேன். "டென்சில் இறந்த வாரம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தண்ணி சம்பந்தமா ஏதாவது பேச்சு இருந்துதா அம்மா?"

கிழவி ஓப்பலிடம் தலையணையை உயர்த்தச் சொன்னார்.

"பந்தயம்" என்றார். "ஊத்துத் தண்ணி ரெண்டு பர்லாங் ஏறணும். அந்த நாய் திரும்பி வரும்னான் அவன். வராதுன்னேன் நான். தோத்தவங்க கிறிஸ்துமஸ் வரைக்கும் தண்ணி சொமக்கணும்னு பேச்சு. ஒனக்கு யாரு சொன்னா? நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

ஓப்பலுக்கே தெரியாது. அப்போதுதான் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். முழுசாகப் படித்தேன், ஒரு மணி நேரம் நின்றதையும் விடவில்லை. ஓப்பல் பாதியில் எழுந்து வெளியே போனாள். அவளிடமிருந்து உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இருப்பதாகச் சொன்னால் அது நான் கட்டியதாக இருக்கும்.

ஐடெல்லா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "யாரு?", "நாய் என்னாச்சு?" என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். "அவன்தான். கல்லுக்கு அடியில கெடந்துகிட்டு நாயைப் பத்திக் கேக்கறவன் வேற எவன்?" என்றார். என் ஐந்து கேள்வியில் முதலாவது, இறந்தது யார். மாவுப்பை ஒட்டை வைத்து நீங்கள் அன்று சொன்னீர்கள். அந்த அம்மா இப்போதுதான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் அது உங்களுக்குச் சேர வேண்டியது.

"பந்தயத்துல ஜெயிச்சது நான். தண்ணி சொமந்ததும் நான். அந்த ஆர்வில் பயகிட்ட கேளு, ஒரு தபால்தலை அவ்வளவா கனத்துச்சுன்னு."

அப்புறம், "கையப் புடிச்சிருந்தான்ல" என்றார். கேள்வி மாதிரி இல்லை. ஆமாம் என்றேன்.

மே 29 அன்று வரியை அடித்தேன். இப்போது தாளில் இருப்பது: டென்சில் ராட்லிஃப், கூரைப் பாறை விழுந்து, விபத்து. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. உங்கள் பெயரும் அதில் இல்லை. அந்த ஆறாவது கேள்வி எனக்கு இல்லை என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் உங்கள் வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுப்பேன்.

ஜூன் 7, காலை ஒன்பது நாற்பதுக்கு ஓப்பல் கூப்பிட்டாள். வீட்டில் நடக்கிற மரணத்துக்கும் நான்தான் போக வேண்டும். போய் நாடியைப் பார்த்து நேரத்தைக் குறித்தேன். உயிர் போனதும் நிறுத்துகிற நம் பக்கத்து வழக்கப்படி, சுவர்க் கடிகாரத்தை ஓப்பல் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் புதுத் தாள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

கூட யாராவது இருந்தார்களா என்றால், இருந்தார்கள். மகள் இருந்தாள்.

ரோவீனா


ஹாமில்டன்
2019 ஜூலை 1

ரோவீனாவுக்கு,

உன் கடிதத்தை வெர்னா படித்தாள். தபால்தலை இடம் வந்ததும் நிறுத்தினாள். "படி" என்றேன். படித்தாள். கனத்துச்சு என்று அந்த அம்மாளிடம் சொல்ல இப்போது ஆள் இல்லை.

வெர்னா என்னோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டுவந்து மேசையில் டொக்கென்று வைத்தாள். "சாப்புடுங்கப்பா. இன்னும் எதாவது மறைச்சிருந்தா மொதல்ல சொல்லிட்டுச் சாப்புடுங்க" என்றாள். வேறு இல்லை என்றேன். உப்பு கம்மியாக இருந்தது. சொல்லவில்லை.

ஓப்பல் ஒன்றும் சொல்லாதது சரி. சொல்லாமலே இருக்கட்டும். நான் அங்கே வந்து அவள் வாசலில் நின்றால் அது எனக்காக வருவதாக இருக்கும். அதனால் வரமாட்டேன்.

ஒன்று மட்டும் உன் புத்தகத்தில் சேர்த்துக்கொள். எமெட் அன்று அந்தக் கடையில் இருந்தவர்கள் பெயரை எழுதினார், அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுத யாரும் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. எமெட் கார்னெட், இன்னும் இரண்டு தேர்தல் ஜெயித்து, மூன்றாவது தோற்று, அந்தக் குளிர்காலமே போனார். சாட்சி சொன்ன மேஸ்திரி க்ளாட் பிட்மன் ஃப்ளோரிடாவில், வெயிலில், நாற்காலியில். தபால்காரர் ஓவா சைஸ்மோர் நெஞ்சுவலியில், தபால் பையோடு. பாதிரி ஹைரம் கட்டிலில், ஜெபத்தின் நடுவில். பள்ளி வாத்தியார் லோனி பெட்ரி நூறு வயசுக்கு மூன்று மாசம் குறைவாக. கம்பெனிக் கடைக் குமாஸ்தா ரூஃபஸ் கரியால் நுரையீரல் கெட்டு. அவன் ஒருநாளும் சுரங்கத்துக்குள் போனதில்லை, சுரங்கக்காரர் சட்டை துவைத்தே கெட்டது என்பார்கள். மாட்டு வைத்தியர் டார்வின் நோபிள் கழுதை உதைத்து. ஸ்டேசி வீட்டுக் கழுதை இல்லை, பயப்படாதே. கதவுப் பலகை மேல் கிடந்தவன் டென்சில் ராட்லிஃப், கூரைப் பாறை விழுந்து, விபத்து, பக்கத்தில் ஆள் இருந்தான்.

இத்தனை பேரில் மிச்சம் இருக்கிறவன் ஒருவன்தான். தூண் எடுக்கப் போன ஆர்வில் நேப்பியர்.